எஸ்டேட் காட்டேஜில் குடும்ப விடுமுறை: பிரிட்டனில் யாருடைய வீட்டை எடுப்பது?

பிரிட்டனில் பழைய மாளிகைகளைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் குடும்பத்தோடு ஒரு வாரம் தங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கொடி படர்ந்த கல்சுவரும் உயர்ந்த புகைபோக்கியும் வாசலில் ரோஜாச் செடியும் இருந்துவிட்டால் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். படத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த எஸ்டேட் யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதே சரியான வரிசை என்பது என் கருத்து. வீட்டில் இணையம் இருக்குமா, பார்வையாளர்கள் போன பிறகு பூங்காவுக்குள் பிள்ளைகளை ஓடவிடலாமா, சனிக்கிழமை இரவு பக்கத்துக் கூடாரத்தில் கல்யாணப் பாட்டு முழங்குமா, இலையுதிர் காலத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்குமா என்பதையெல்லாம் முடிவு செய்பவர் உடைமையாளரே.

இந்தக் காட்டேஜுகள் விடுமுறைக்காகக் கட்டப்பட்டவை அல்ல. மாளிகை, பூங்கா, மான் காடு, பண்ணைகள், குடியிருப்புகள் எல்லாம் ஒரே உடைமையாக இருந்த காலத்தில் வாயில்காவலர், தலைமைத் தோட்டக்காரர், வண்டியோட்டி, வேட்டைக்காவலர் ஆகியோர் குடியிருந்த வீடுகள் இவை. 1894இல் வந்த வாரிசு வரி, 1919இல் மிகப் பெரிய சொத்துகளுக்கு 40 சதவீதமாக உயர்ந்தது. 1950இல் டார்பிஷயரின் சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு உடைமையாளரான பத்தாவது டெவன்ஷயர் பிரபு இறந்தபோது அது 80 சதவீதமாக இருந்தது. அந்த வரிக் கடனில் ஒரு பகுதிக்கு ஈடாகவே ஹார்ட்விக் ஹால் என்ற மாளிகை அந்தக் குடும்பத்தின் கையை விட்டுப் போய், 1959இல் நேஷனல் டிரஸ்டுக்கு வந்தது. இப்படிச் சில எஸ்டேட்டுகள் அறநிறுவனங்களிடம் சேர்ந்தன. சில, காலியான வேலையாட்கள் வீடுகளை வாடகைக்கு விட்டுத் தங்களைக் காப்பாற்றிக்கொண்டன. இன்று குடும்பங்கள் முன் இருக்கும் முக்கியமான தெரிவுகள் நான்கு: நேஷனல் டிரஸ்ட், இங்கிலீஷ் ஹெரிடேஜ், லேண்ட்மார்க் டிரஸ்ட், தனியார் எஸ்டேட்டுகள்.

எண்ணிக்கையில் மிகுந்தது நேஷனல் டிரஸ்ட். 1895இல் தொடங்கிய இந்த அறநிறுவனத்திடம் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து முழுவதும் நூற்றுக்கணக்கான விடுமுறை வீடுகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் 1931இல் உருவான தனி அமைப்பு ஒன்று உண்டு. மாளிகையை மட்டும் அல்லாமல் முழு எஸ்டேட்டையும் சேர்த்துப் பெறும் வழியை 1937ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குத் திறந்துவிட்டது. நார்ஃபோக்கிலுள்ள பிளிக்லிங் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதராக இருந்த லோதியன் பிரபு 1940இல் இறந்தபோது மாளிகையோடு பூங்கா, ஏரி, காடு, பண்ணைகள், வீடுகள் எல்லாம் உயில்படி டிரஸ்டுக்குச் சென்றன. ஆகவே அங்கே தங்குபவர்கள் காரை எடுக்காமலேயே ஒரு முழு நாளை எஸ்டேட்டுக்குள் கழிக்க முடியும். நடக்கத் தொடங்கிய குழந்தையும், அரை மணிக்கு ஒருமுறை உட்கார இடம் தேடும் தாத்தாவும் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

ஆனால் நேஷனல் டிரஸ்டில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். "எஸ்டேட்டில் உள்ள காட்டேஜ்" என்ற விவரிப்பு, மாளிகைத் தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் வீட்டையும் குறிக்கும். சில மைல் தள்ளி வயல் நடுவே நிற்கும் பண்ணை வீட்டையும் குறிக்கும். வரைபடத்தை விரித்து, வீட்டு வாசலிலிருந்து பூங்கா வாயிலுக்கு நடைபாதை இருக்கிறதா, அல்லது ஓரப்பாதை இல்லாத குறுகிய சாலையில்தான் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டுமா என்று பார்த்துவிடுவது நல்லது. மாளிகைக் கதவு பல இடங்களில் முற்பகல் தாண்டியே திறந்து, மாலை நான்கு அல்லது ஐந்து மணிக்கு மூடிவிடும். குளிர்காலத்தில் உள்ளே போகவே முடியாமலும் இருக்கலாம். உறுப்பினர் அட்டை வைத்திருப்பது நுழைவுச்சீட்டுச் செலவைக் குறைக்கும். அதனால் வாடகையும் குறையும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

பள்ளியில் வரலாறு படிக்கும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் நேஷனல் டிரஸ்ட் இடங்களுக்கு இன்னொரு பயன் உண்டு. அடிமை வாணிபத்தோடும் காலனி ஆட்சியோடும் தொடர்புள்ள தன்னுடைய 93 இடங்களை அந்த நிறுவனமே 2020இல் அறிக்கையாக வெளியிட்டது. வேல்ஸ் எல்லையிலுள்ள போவிஸ் கோட்டையில் திப்பு சுல்தானின் கூடாரம் இருக்கிறது. 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவ் வழியாக வந்த பொருள்களும் அங்கே உள்ளன. சென்னையின் ராஜாஜி மண்டபம் எழுந்தது அதே ஆளுநரின் காலத்தில்தான். அந்தப் பக்கம் காட்டேஜ் எடுப்பவர்கள் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம்.

இங்கிலீஷ் ஹெரிடேஜ் வேறு வகை. நானூறுக்கும் மேற்பட்ட வரலாற்று இடங்களைப் பராமரிக்கும் இந்த அமைப்பிடம் உள்ள விடுமுறை வீடுகள் மிகச் சில; அவை பெரும்பாலும் வாயிலுக்கு உள்ளேயே இருக்கின்றன என்பதுதான் சிறப்பு. பார்வையாளர்கள் வெளியேறிய பிறகு மைதானத்தில் நடக்கும் உரிமை இங்கே தங்குபவர்களுக்குக் கிடைக்கிறது. ஒயிட் தீவிலுள்ள ஆஸ்போர்ன், விக்டோரியா அரசி 1845இல் வாங்கிக் குடும்ப வீடாக்கி, 1901இல் உயிர் நீத்த இடம். அங்கே பழைய கிரிக்கெட் பெவிலியன் ஒன்று நான்கு பேர் தங்கும் காட்டேஜாக மாறியிருக்கிறது. பாய் ராம் சிங் வடிவமைத்த தர்பார் மண்டபம், அரச குழந்தைகள் சமையலும் தோட்ட வேலையும் பழகிய சுவிஸ் காட்டேஜ், அரசி கடலில் இறங்கப் பயன்படுத்திய சக்கர வண்டி ஆகியவை எல்லாம் நடந்து போகும் தொலைவில் உள்ளன. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சலிப்பே வராது. குறை என்னவென்றால் வீடுகள் சிறியவை, இடங்கள் சில, பள்ளி விடுமுறை வாரங்கள் நெடுநாள் முன்பே போய்விடும். ஒயிட் தீவுக்குக் காரோடு கப்பலேறும் கட்டணத்தையும் வாடகையோடு கூட்டித்தான் மற்ற இடங்களோடு ஒப்பிட வேண்டும். ஆகஸ்டில் அந்தத் தொகை அற்பமானது அல்ல. தாத்தா பாட்டியோடு ஏழெட்டுப் பேராகப் போகும் குடும்பத்துக்கு இந்தத் தெரிவு அநேகமாகப் பொருந்தாது.

லேண்ட்மார்க் டிரஸ்டைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஆசையும் தயக்கமும் சேர்ந்தே வருகின்றன. சர் ஜான் ஸ்மித் தம்பதியர் 1965இல் தொடங்கிய இந்த அறநிறுவனம், இடிந்துபோகவிருந்த விசித்திரக் கட்டடங்களை எடுத்துச் செப்பனிட்டு, அவற்றில் மக்களைத் தங்கவைத்தே பராமரிக்கிறது. இப்போது சுமார் 200 கட்டடங்கள் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் டன்மோர் எஸ்டேட்டில் கல்லால் செதுக்கிய மாபெரும் அன்னாசிப்பழம் ஒன்றைத் தலையில் தாங்கிய 18ஆம் நூற்றாண்டுத் தோட்டக் கட்டடம் அவற்றில் பேர்போனது. பக்கிங்ஹாம்ஷயரின் ஸ்டோ பூங்காவில், ஜேம்ஸ் கிப்ஸ் 1741இல் வடிவமைத்த 'கோதிக் கோயில்' என்ற அலங்காரத் தோட்டக் கட்டடம் நான்கு பேர் தங்கும் வீடு. முக்கோணக் கட்டடம், உள்ளே அறைகள் வட்டம், தலைக்கு மேல் குலச் சின்னங்கள் தீட்டிய குவிமாடம்; பகலில் ஊரே சுற்றிப் பார்க்கும் புகழ்பெற்ற தோட்டம் ஜன்னலுக்கு வெளியே கிடக்கும்.

தயக்கத்துக்குக் காரணம் அங்குள்ள வாழ்க்கை முறை. தொலைக்காட்சி கிடையாது, வைஃபை கிடையாது. மாற்றாக, அந்த இடத்தைப் பற்றிய நூல்கள் நிறைந்த அலமாரியும், முன்பு தங்கியவர்கள் கைப்பட எழுதிவைத்த குறிப்பேடும் இருக்கும். டார்பிஷயரிலுள்ள ஸ்வார்க்ஸ்டன் பெவிலியனில் குளியலறை கோபுரத்தின் உச்சியில் இருக்கிறது; படுக்கையிலிருந்து எழுந்து, கூரை இல்லாத மொட்டைமாடியைக் கடந்துதான் அங்கே போக வேண்டும், மழையானாலும் சரி, நள்ளிரவானாலும் சரி. அது இருவர் தங்கும் வீடு என்பதால் குடும்பங்களுக்கு அந்தச் சோதனை நேராது. ஆனாலும் அந்த நிறுவனத்தின் மனப்போக்கை அது காட்டிவிடுகிறது. கட்டடத்தின் வடிவம் முதலில், தங்குபவரின் வசதி அதற்கு அடுத்து. சுழல்படிக்கட்டும் உயரமான மாடமும் உள்ள வீட்டுக்கு இரண்டு வயதுக் குழந்தையை அழைத்துச் செல்பவர்கள் வாரம் முழுவதும் படியடியிலேயே காவல் நிற்க நேரிடும். பத்து வயது தாண்டிய, புத்தகம் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கோ இதற்கு இணையான விடுமுறை வேறில்லை என்றே சொல்வேன்.

நான்காவது தெரிவு, இன்றும் பழைய குடும்பங்கள் நடத்திவரும் எஸ்டேட்டுகள். சாட்ஸ்வொர்த் இதில் பெரியது. பூங்கா வடிவமைப்பாளர் கேப்பபிலிட்டி பிரவுன் 1760களில் திருத்திய பூங்கா, மலை மேல் 16ஆம் நூற்றாண்டின் வேட்டைக் கோபுரம், மாளிகையின் காட்சியை மறைக்கக் கூடாது என்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் இடம் மாற்றிக் கட்டப்பட்ட எடன்ஸர் கிராமம் என்று அந்த நிலம் முழுவதும் ஒரு குடும்பத்தின் விருப்பப்படி உருவானது. எடன்ஸரில் ஒரு வீட்டைப் போல இன்னொரு வீடு இருக்காது. வேட்டைக் கோபுரத்திலும் தங்கலாம், கிராமத்து வீடுகளிலும் தங்கலாம். குழந்தைகளுக்குப் பண்ணை விலங்குகளும் விளையாட்டுத் திடலும், பெரியவர்களுக்குப் பண்ணைக் கடையும் சிற்றுண்டிச்சாலையும் இருப்பதால் மூன்று தலைமுறைக்கும் பொழுது போகும். வசதிகளில் தனியார் எஸ்டேட்டுகள் பொதுவாகத் தாராளம்: நல்ல படுக்கை, நல்ல சூடேற்றம், ஒரே முற்றத்தில் அடுத்தடுத்து இரண்டு மூன்று வீடுகள். அண்ணன் தம்பி குடும்பங்கள் தனித்தனிச் சமையலறையோடு சேர்ந்து தங்க இந்த அமைப்பு மிகவும் பொருந்தும்.

சிறிய தனியார் எஸ்டேட்டுகளுக்குக் கார்ன்வாலின் போகானக்கைச் சொல்லலாம். சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1698 முதல் 1709 வரை இருந்த தாமஸ் பிட், 48,000 வராகன் கொடுத்து வாங்கிய 410 காரட் வைரத்தை, 1717இல் பிரான்சின் அரசப் பிரதிநிதிக்கு 135,000 பவுண்டுக்கு விற்று, அந்தப் பணத்தில் வாங்கிய எஸ்டேட் அது. வைரம் இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் கடற்கரையில் தொடங்கிய அந்தப் பேரத்தின் மறுபாதியான மான் பூங்காவில் இன்று வாடகைக்குத் தங்க முடிகிறது. சாட்ஸ்வொர்த்தின் கூட்டம் இங்கே இல்லை. ஆனால் தோட்டம் குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே பொதுமக்களுக்குத் திறப்பதால், தங்குபவர்கள் எங்கெங்கே நடக்கலாம் என்பதை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தனியார் எஸ்டேட் என்பது நடந்துகொண்டிருக்கும் ஒரு தொழில் என்பதை மறக்கக் கூடாது. ஃபெசன்ட் பறவை வேட்டை அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை நடக்கும். ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து மேட்டுநிலங்களில் குரூஸ் பறவை வேட்டை ஆகஸ்ட் 12இல் தொடங்கிவிடும். வேட்டை நாளில் சில பாதைகளில் போக வேண்டாம் என்பார்கள், காலை முழுவதும் வெடிச்சத்தம் கேட்கும். கோடையில் வார இறுதிகள் திருமணங்களுக்கானவை. எந்த எஸ்டேட்டும் இவற்றைத் தன் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடாது. ஆனால் இன்ன தேதியில் வேட்டையோ திருமணமோ விழாவோ உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள்.

நடக்கும் உரிமையில் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம். எஸ்டேட்டில் தங்கித்தான் அந்த உரிமையைப் பெற வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது நடைபாதைகளும், 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட மேட்டுநிலங்களும் தவிர மற்ற இடங்களுக்கு உடைமையாளரின் அனுமதி வேண்டும். ஆகவே இங்கிலாந்து எஸ்டேட்டில் கூடுதல் பணம் கொடுத்து வாயிலுக்குள் தங்குவதற்குப் பொருள் உண்டு; ஸ்காட்லாந்தில் எஸ்டேட்டின் விளிம்பில் ஒரு சாதாரண வீட்டை எடுத்தாலே போதும். மான்கள் மேயும் இடம் எதுவானாலும் புல்லில் உண்ணி இருக்கும். லைம் நோய் அதன் வழியாகப் பரவுவதால், மாலையில் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் காதின் பின்புறத்தையும் பார்த்துவிட வேண்டும்.

எந்த எஸ்டேட் என்று முடிவான பிறகு எந்த வீடு என்ற கேள்வி வருகிறது. இங்கே பழைய வேலையாட்களின் தொழிலே வழிகாட்டும். வாயில்காவலர் வீடு படத்தில் மிக அழகாக இருக்கும். ஆனால் அது எப்போதும் சாலையோரத்தில், வாகனங்கள் திரும்பும் இடத்தில்தான் நிற்கும். குதிரை லாயத்தைப் பிரித்துக் கட்டிய வீடுகளில் தரைத்தளம் சமதளமாகவும், கார் வாசல்வரை வருவதாகவும் இருக்கும். ஆனால் பல இடங்களில் பார்வையாளர்களுக்கான தேநீர்க் கடை அதே முற்றத்தில் இருக்கும். தோட்டக்காரர் குடில் சுவர் சூழ்ந்த காய்கறித் தோட்டத்தோடு ஒட்டியிருப்பதால் சிறு குழந்தைகளுக்குப் பாதுகாப்பு. வேட்டைக்காவலர் வீடு காட்டுக்குள் தனித்திருக்கும், கைப்பேசிச் சமிக்ஞை எட்டாது, மருத்துவத் தேவையுள்ள பெரியவர்கள் இருந்தால் தவிர்ப்பது நல்லது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் அனுமதி இல்லாமல் படிக்கட்டையோ ஜன்னலையோ மாற்ற முடியாது. செங்குத்தான படியும் தலையில் இடிக்கும் விட்டமும் குளிரை உள்ளே விடும் ஒற்றைக் கண்ணாடியும் அப்படியே இருக்கும் என்று கொண்டு, தரைத்தளத்தில் படுக்கையும் கழிப்பறையும் உள்ள வீட்டையே பாட்டிக்காகத் தேட வேண்டும்.

சமையலறையைப் பற்றி ஒரு சொல். பழைய வீடுகள் பலவற்றில் ஆகா அடுப்பு இருக்கும். எந்நேரமும் கனன்றுகொண்டிருக்கும் அந்த இரும்பு அடுப்பில் சுடர் கிடையாது, தட்டையான சூட்டுப் பலகை மட்டும்தான். உருண்டை அடி வாணலி அதில் நிற்காது. தட்டையான தோசைக்கல் நன்றாகவே உட்காரும். கடுகு தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்துவைக்காவிட்டால் புகை எச்சரிக்கைக் கருவி வீட்டையே எழுப்பிவிடும்.

செலவை ஒப்பிடும்போது வாரத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை, தலைக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க வேண்டும். எட்டுப் பேர் தங்கும் வீடு ஏழு இரவுக்கு 1,400 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் தலைக்கு ஓர் இரவு 25 பவுண்டுதான் ஆகிறது. நான்கு பேர் வீடு 1,000 பவுண்டு என்றால் அதே கணக்கு 36 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். வார இறுதி மட்டும் தங்கினாலும் முழு வாரத்தில் பாதிக்கு மேல் கேட்பது வழக்கம் என்பதால் குறுகிய தங்கல் அவ்வளவு சிக்கனம் அல்ல. மறுபுறம், விடுமுறை வாரங்களில் விலை ஏறுகிறது என்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி அழைத்துப் போனால், இங்கிலாந்தில் 2024 ஆகஸ்ட் முதல் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 80 பவுண்டு அபராதம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் குறைந்தது 320 பவுண்டு போய்விடும். மிச்சம் பிடித்தது அதில் கரைந்துவிடும்.

எனவே என் தெரிவு இப்படி அமையும். பள்ளி வயதுப் பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் சேர்ந்த பெரிய குடும்பத்துக்கு மே மாத இறுதி விடுமுறையில் பிளிக்லிங் போன்ற நேஷனல் டிரஸ்ட் எஸ்டேட்டில், பூங்காவை ஒட்டிய வீட்டை எடுப்பேன். வேட்டைக் காலம் இல்லை, மாளிகைகள் திறந்திருக்கும், பொழுது இரவு ஒன்பதுவரை நீளும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவதாக இருந்தால் தனியார் எஸ்டேட்டின் லாய முற்றத்து வீடுகள்தான்; அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கவும் தயங்க மாட்டேன், ஆனால் தேதியை உறுதிசெய்யுமுன் திருமணப் பட்டியலைக் கேட்டுவிடுவேன். நால்வர் மட்டும் என்றால் ஆஸ்போர்னுக்கும் ஸ்டோவுக்கும் இடையே பிள்ளைகளின் வயது முடிவு செய்யட்டும்: கடலும் மணலும் வேண்டிய வயதுக்கு ஆஸ்போர்ன், திரையில்லாத மாலைப்பொழுதைத் தாங்கக்கூடிய வயதுக்கு ஸ்டோ. பள்ளியில் இன்னும் சேராத குழந்தை மட்டுமே உள்ள தம்பதியர் செப்டம்பரில் போகலாம். விலை இறங்கியிருக்கும், மாளிகைகளும் இன்னும் மூடியிருக்காது.